குடியுரிமை விண்ணப்பத்தோடு பெயரையும் மாற்றப் போகிறீர்களா? அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவமனையில் நர்ஸ் கதவைத் திறந்து "ராமசாமி" என்று கூப்பிடுவார். எழுந்து போவது நான். ராமசாமி என் அப்பா. அவர் அமெரிக்காவுக்கு வந்ததே இல்லை. முதல் பாஸ்போர்ட் எடுத்த நாளில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதிக் கொடுத்ததால் வந்தது இது. என் நண்பர் ஒருவருக்கு இதைவிடச் சிக்கல். அவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. விசாவில் அவருடைய முழுப்பெயரும் சர்நேம் ஆகிவிட்டது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று விழுந்தது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம், பேங்க் கணக்கு, விமான டிக்கெட் என்று எங்கே போனாலும் அந்த மூன்று எழுத்தும் கூடவே வந்தன.

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இதைச் சரி செய்துகொள்ள வழி இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் நாட்கள் கூடும். நானும் என் மனைவியும் ஒரே நாளில் நேர்காணலுக்குப் போனோம். பெயர் மாற்றம் கேட்காத அவர் அன்று மதியமே உறுதிமொழி எடுத்துக் குடிமகளாக வெளியே வந்தார். பெயர் மாற்றம் கேட்ட நான் அதற்குப் பிறகு நான்கு மாதம் காத்திருந்தேன். அதற்குள் என் இந்தியப் பாஸ்போர்ட் காலாவதியாகி, தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக முடியாமல் போனது. பெயரை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. தாமதம் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்னதாகவே போட்டிருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாமதம் எங்கிருந்து வருகிறது

குடியுரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது யு.எஸ்.சி.ஐ.எஸ். எனப்படும் குடியேற்றத் துறை. உங்களைக் குடிமகனாக ஏற்கும் உறுதிமொழியை நடத்தி வைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒருவருடைய பெயரை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை. குடியுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு, உறுதிமொழியை நீதிமன்றம் செய்து வைக்கும்போது பெயரையும் அப்போதே மாற்றித் தரலாம் என்கிறது. பெயர் மாற்றம் கேட்டவர்கள் அதனால் துறை நடத்தும் விழாவில் கலந்துகொள்ள முடியாது. நீதிபதி முன்னிலையில் நடக்கும் விழாவுக்குத்தான் போக வேண்டும்.

துறை தன் அலுவலகத்திலேயே வாரத்தில் பல நாள் விழா வைக்க முடியும். பல ஊர்களில் நேர்காணல் முடிந்த அன்றே உறுதிமொழி முடிந்துவிடும். நீதிமன்ற விழாவோ நீதிபதியின் நாட்காட்டியைப் பொறுத்தது. சில ஊர்களில் மாதம் ஒன்று, சில ஊர்களில் அதுவும் இல்லை. துறை உங்கள் பெயர் மாற்ற மனுவை நீதிமன்றத்துக்கு அனுப்பி, பட்டியலில் சேர்த்து, அடுத்த விழாவில் இடம் கிடைக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லா விழாக்களும் நின்றபோது, துறை ஜூன் மாதமே சிறிய அளவில் மறுபடி தொடங்கிவிட்டது. பல நீதிமன்றங்கள் திறக்க அதைவிட நாளானது, பெயர் மாற்றம் கேட்டவர்கள் அதுவரை காத்திருந்தார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சில ஃபெடரல் மாவட்டங்களில் (மத்திய அரசு நீதிமன்றம் ஒவ்வொன்றின் எல்லைக்கு உட்பட்ட பகுதி), துறை ஒப்புதல் கொடுத்ததிலிருந்து 45 நாட்களுக்கு உறுதிமொழி செய்து வைக்கும் உரிமையை நீதிமன்றமே தன் கையில் வைத்துக்கொள்கிறது. அங்கே பெயர் மாற்றம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பெரும்பாலும் நீதிபதி முன்னால்தான் நிற்க வேண்டும். நீங்கள் அப்படிப்பட்ட மாவட்டத்தில் இருந்தால் பெயர் மாற்றத்தால் வரும் கூடுதல் தாமதம் குறைவு. உங்கள் பகுதியில் சமீபத்தில் குடியுரிமை பெற்ற நாலு பேரிடம் விழா எங்கே நடந்தது என்று கேட்டாலே விவரம் தெரிந்துவிடும். பல ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் விழா தேதிகளைத் தங்கள் இணையதளத்திலேயே போடுகின்றன.

முதலில்: உங்களுக்கு நீதிபதி தேவையா?

கல்யாணத்தாலோ விவாகரத்தாலோ உங்கள் பெயர் ஏற்கெனவே சட்டப்படி மாறியிருந்தால் இந்தச் சுற்று உங்களுக்குத் தேவையே இல்லை. திருமணச் சான்றிதழையோ விவாகரத்துத் தீர்ப்பையோ விண்ணப்பத்தோடு இணைத்து, இப்போதைய சட்டப்பூர்வப் பெயராக அதையே எழுதுங்கள். குடியுரிமைச் சான்றிதழ் அந்தப் பெயரிலேயே வரும், துறையின் விழாவிலேயே முடிந்துவிடும். நம் ஊர்த் திருமணச் சான்றிதழ்களில் கணவர் பெயர் இனிஷியலோடு மட்டும் இருப்பதுண்டு. அப்படியானால் அதிகாரிக்குக் குழப்பம் வரலாம். கணவரின் பாஸ்போர்ட் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, நீங்கள் இருக்கும் மாநில நீதிமன்றத்தில் முன்கூட்டியே பெயரை மாற்றிக்கொண்டு, அந்த ஆணையோடு குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது. காசு செலவாகும். கலிபோர்னியாவில் மனுக் கட்டணமே 435 டாலருக்குக் குறையாது. பொதுவாக நான்கு வாரம் பத்திரிகையில் அறிவிப்பும் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. ஆனால் குடியுரிமை விண்ணப்பம் வரிசையில் நிற்கும் காலத்திலேயே இதை முடித்துவிட்டால் நேர்காணலுக்குப் புதுப்பெயரோடு போகலாம். அவசரம் உள்ளவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது என் எண்ணம்.

மூன்றாவது, பழைய பெயரிலேயே குடியுரிமை வாங்கிவிட்டுப் பிறகு மாநில நீதிமன்றம் போவது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கி ஒரு வருடத்துக்குள் பெயர் மாறினால், டி.எஸ்.-5504 படிவத்தில் கட்டணமில்லாமல் புதுப் பாஸ்போர்ட் கேட்கலாம். ஆனால் குடியுரிமைச் சான்றிதழையும் புதுப்பெயரில் மாற்ற நினைத்தால் என்-565 படிவத்துக்குத் தாளில் 555 டாலர், ஆன்லைனில் 505. மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பழைய சான்றிதழும் நீதிமன்ற ஆணையும் சேர்ந்தே செல்லும்.

பெயரை முடிவு செய்வது

இதைத்தான் பலர் கடைசி நிமிடத்தில் செய்கிறார்கள். எனக்குக் கவலை தருவதும் இதுதான்.

நம் பெயர்களில் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. அப்பா செந்தில்குமார் ராமசாமி, அம்மா கவிதா செந்தில்குமார், பிள்ளை நிலா செந்தில்குமார் என்று ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒரு சர்நேம், மற்ற இருவருக்கு வேறு. அப்பாவுக்கு மட்டும் பொருந்தாமல் நிற்கும். பள்ளியிலும் விமான நிலையத்திலும் இதனால் கேள்வி வருவது உங்களுக்கே தெரியும். சரி, எல்லாருக்கும் ஒரே பெயர் வைத்துவிடலாம் என்று தோன்றும். எந்தப் பெயர்?

தாத்தா பெயரைக் குடும்பப் பெயராக்கினால் மனைவி, பிள்ளைகள் பெயரையும் மாற்ற வேண்டும். நீங்கள் குடியுரிமை விண்ணப்பப் படிவமான என்-400 வழியாக மாற்றுவது உங்கள் பெயரை மட்டும்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள கிரீன் கார்டு பிள்ளைகளுக்கு, உங்களோடு வசித்து உங்கள் பொறுப்பில் இருந்தால், உங்கள் வழியாகக் குடியுரிமை தானாக வந்துவிடும். பெயர் தானாக மாறாது. அவர்களுக்குத் தனியாக மாநில நீதிமன்றம் போக வேண்டும். அதனால் பிள்ளைகள் ஏற்கெனவே சுமக்கும் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, அப்பா தன் பெயரை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது பல வீடுகளில் எளிது. நான் அப்படித்தான் செய்தேன். என் பெயர் சர்நேம் இடத்துக்கு வந்தது, அப்பா பெயர் நடுப்பெயரானது. அப்பாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பேர் எடுத்துடலையே, நடுவுல இருக்குல்ல, போதும்" என்றார். பெற்றோர் பெயரைத் தொடுகிற எந்த மாற்றத்தையும் அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சட்டத்துக்காக அல்ல, அவர்களுக்காக.

எஃப்.என்.யு. சிக்கல் உள்ளவர்களுக்கு வேலை சுலபம். முழுப்பெயரை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டாகப் பிரித்தால் போதும். நீளமான பெயரைச் சுருக்கலாம், எழுத்துக்கூட்டலைத் திருத்தலாம். கடனிலிருந்தோ வழக்கிலிருந்தோ தப்பிக்க மாற்றுவது மட்டும் நடக்காது. அப்படி எந்த நோக்கமும் இல்லை என்று மனுவில் உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும்.

முடிவு செய்த பெயரை ஒரு தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டில் எல்லாரையும் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து எழுத்தாக. பிற்பாடு திருத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

படிவம்

என்-400 படிவத்தின் இரண்டாம் பகுதியில், சட்டப்படி பெயரை மாற்ற விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று குறித்துப் புதுப்பெயரை எழுதுங்கள். அதற்கு மேலே உள்ள இப்போதைய சட்டப்பூர்வப் பெயர் என்ற கட்டத்தில் புதுப்பெயரை எழுதிவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு இது.

இதுவரை பயன்படுத்திய மற்றப் பெயர்கள் என்ற கட்டத்தில் எதையும் விடாதீர்கள். எஃப்.என்.யு. உள்ள வடிவம், இனிஷியல் முன்னால் வரும் பள்ளிச் சான்றிதழ்ப் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய பெயர் எல்லாமே. பின்னணிச் சோதனை பெயர்களை வைத்து நடப்பது. விட்டுப்போன பெயர் நேர்காணலில் தலைகாட்டினால் அதுவே தனித் தாமதம்.

2024 ஏப்ரலில் இருந்து கட்டணம் ஆன்லைனில் 710 டாலர், தாளில் 760. பெயர் மாற்றத்துக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை. அனுப்பும் நாளில் கட்டணத்தை ஒருமுறை சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணல் நாள்

அதிகாரி விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து வரும்போது பெயர் மாற்றக் கேள்விக்கு வருவார். இன்னும் மாற்ற விருப்பமா என்று கேட்பார். படிவத்தில் ஆம் என்று போட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல இந்த இடத்தில் உரிமை உண்டு. வேண்டும் என்றால் பெயர் மாற்ற மனு ஒன்றை அச்சிட்டுக் கையெழுத்து வாங்குவார். கையெழுத்திடும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அடுத்த நீதிமன்ற விழா எப்போது? இன்று மனு கொடுப்பவர்கள் எத்தனை வாரம் காத்திருக்கிறார்கள்?" அதிகாரிகளுக்கு இது தோராயமாகத் தெரிந்திருக்கும். அதைக் கேட்காமலே நான் கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து முடிவெடுக்க, கீழே உள்ளவற்றை வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போங்கள். உங்கள் இந்தியப் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது? அடுத்த எட்டு மாதத்துக்குள் ஊருக்குப் போக வேண்டிய காரியம் இருக்கிறதா? அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு மனு போடக் காத்திருக்கிறீர்களா? குடிமகன் ஆன பிறகுதான் அதைப் போட முடியும். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவர்களும் காத்திருக்கிறார்கள். வரும் தேர்தலில் ஓட்டுப் போட ஆசையா? குடியுரிமை கேட்கும் வேலை ஏதும் கைக்கு வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், பெயரைப் பிறகு மாநில நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வதைத் தயங்காமல் யோசியுங்கள்.

மனுவில் அச்சான புதுப்பெயரை எழுத்தெண்ணிப் பாருங்கள். அதிகாரி தட்டச்சு செய்ததுதான் நீதிபதிக்குப் போகும்.

காத்திருக்கும் மாதங்கள்

உங்கள் இணையக் கணக்கில், உறுதிமொழி விழா தேதி குறிக்கப்படும் என்ற வரி வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். கோப்பு தொலைந்துவிட்டதோ என்று பயம் வரும். பெரும்பாலும் அப்படி இல்லை, அடுத்த நீதிமன்றப் பட்டியலுக்காக இருக்கும். நேர்காணலுக்குப் பிறகு 120 நாளில் முடிவு வராவிட்டால் ஃபெடரல் நீதிமன்றத்தை அணுகலாம் என்று யாராவது சொல்வார்கள். அது விண்ணப்பத்தின் மேல் முடிவே வராதவர்களுக்கான விதி. ஒப்புதல் கிடைத்து விழாவுக்கு மட்டும் காத்திருப்பவருக்கு அது உதவாது.

உறுதிமொழி எடுக்கும்வரை நீங்கள் குடிமகன் இல்லை. நேர்காணலில் தேறிவிட்டோமே என்று வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிடாதீர்கள். குடியுரிமையே கைவிட்டுப் போகும் அளவுக்கு அது பெரிய தவறு. கிரீன் கார்டு முடியப் போகிறதே என்ற கவலைக்கு ஓரளவு தீர்வு இருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த விதிப்படி, என்-400 ரசீது கிரீன் கார்டின் காலத்தை 24 மாதம் நீட்டிக்கிறது. ரசீதையும் கார்டையும் சேர்த்தே வைத்திருங்கள். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அப்படிச் சலுகை எதுவும் கிடையாது. ஆறு மாதத்துக்குள் முடிகிறது என்றால் பேசாமல் தூதரகம் வழியாகப் புதுப்பித்துவிடுங்கள். கொஞ்ச நாளுக்காகக் காசு வீணாகிறதே என்று நான் தள்ளிப்போட்டேன். கல்யாணம் என்னை விட்டுவிட்டு நடந்தது.

இந்தக் காலத்தில் வீடு மாறாமல் இருக்க முடிந்தால் நல்லது. வேறு ஃபெடரல் மாவட்டத்துக்குக் குடிபோனால் மனுவும் வேறு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வரிசை மறுபடி முதலில் இருந்து. மாறித்தான் ஆக வேண்டும் என்றால் பத்து நாளுக்குள் புதிய முகவரியைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஊரில் யாருக்காவது உடம்பு மோசம், உடனே கிளம்ப வேண்டும் என்ற நிலை வந்தால், உறுதிமொழியை விரைவுபடுத்தக் கேட்கலாம். மருத்துவர் கடிதம் போன்ற ஆதாரம் வேண்டும். பெயர் மாற்ற மனுவையே திரும்பப் பெற்று, துறையின் விழாவுக்கு மாற்றும்படி எழுதிக் கேட்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் உடனடி பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் கேட்பதில் தவறில்லை.

விழா நாள்

என்-445 என்ற அழைப்புக் கடிதம் வரும். அதன் பின்பக்கத்தில், நேர்காணலுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா, கல்யாணம் ஆனதா, கைதானீர்களா என்ற கேள்விகள். நான்கு மாத இடைவெளியில் நடந்ததையெல்லாம் யோசித்து, விழா நாளில் நிரப்புங்கள். அன்று வர முடியாவிட்டால் முன்பே கடிதம் கொடுத்துத் தேதி மாற்றலாம். அடுத்த நீதிமன்ற விழாவரை மறுபடி காத்திருப்பு. சொல்லாமல் ஒரு தடவைக்கு மேல் வராமல் இருந்தால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நீதிபதி உறுதிமொழி சொல்ல வைத்து, பெயர் மாற்ற மனுக்களுக்கும் அனுமதி தருவார். கையில் இரண்டு தாள்கள் வர வேண்டும்: புதுப்பெயரில் குடியுரிமைச் சான்றிதழ், நீதிமன்ற முத்திரையிட்ட பெயர் மாற்ற மனு. இரண்டாவது தாள் வரவில்லை என்றால் மண்டபத்தை விட்டு வெளியே போகாமல் அங்கேயே கேளுங்கள். உங்கள் பழைய பெயரையும் புதுப்பெயரையும் இணைக்கும் ஒரே ஆவணம் அது. சான்றிதழில் எழுத்துப்பிழை இருந்தாலும் அங்கேயே சொல்லுங்கள். துறையின் பிழையைப் பின்னாலும் கட்டணமில்லாமல் திருத்தித் தருவார்கள், ஆனால் மாதங்கள் ஆகும்.

அதற்குப் பிறகு

விழா முடிந்து பத்து நாள் கழித்து சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம். என்-400 படிவத்திலேயே அவர்களுக்குத் தகவல் அனுப்பச் சம்மதம் கேட்கும் கேள்வி இருக்கிறது. ஆம் போட்டிருந்தாலும் புதுப்பெயர் சரியாக ஏறியதா என்று பார்த்துவிடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அடுத்தது பாஸ்போர்ட்: டி.எஸ்.-11 படிவம், விண்ணப்பக் கட்டணம் 130 டாலர், படிவத்தை நேரில் ஏற்றுக்கொள்ளும் அலுவலகத்துக்கு 35 டாலர், அவசரம் என்றால் இன்னொரு 60. அசல் சான்றிதழைத் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்கக் கூடாது என்று சான்றிதழிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சட்டப்பூர்வத் தேவைக்கு எடுக்கலாம். ஓட்டுநர் உரிமம், பேங்க், கம்பெனி எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு. புதுப் பாஸ்போர்ட் வரும்வரை எந்தப் பெயரிலும் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

இந்தியக் குடிமக்களாக இருந்தவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்கி, பிறகு ஓ.சி.ஐ. கார்டுக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விண்ணப்பம் போட வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், புதியதில் ஒரு பெயர் என்பதால் முத்திரையிட்ட மனு நகலை இரண்டு விண்ணப்பத்திலும் வையுங்கள்.

ஊரில் நிலமோ வீடோ இருந்தால் பத்திரம், பட்டா, பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் பழைய பெயரில் இருக்கும். அடுத்த முறை போகும்போது, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் செய்து, நீதிமன்ற மனு நகலோடு ஒரு கோப்பில் போட்டு, ஊரில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். என்றைக்காவது தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் எழுதும்போது, அப்பா பெயர் நடுவில் போய்விட்ட மகன் யார் என்று கேட்பார்கள். அன்று அந்தக் கோப்பைத்தான் தேடுவீர்கள்.